‘கடிக்காது, வாங்க’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் நாயும் பூனையும் வளர்க்கும் குடும்பத்தாருக்கு,



உங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்பவர்களின் சார்பில் இதை எழுதுகிறேன். கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வருகிறவர், மின்வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வருகிறவர், விடிவதற்கு முன்பே பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போகும் பையன், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, பார்சல் கொண்டுவரும் இளைஞர், பந்து விழுந்துவிட்டது என்று ஓடிவரும் பக்கத்து வீட்டுக் குழந்தை. இவர்கள் உங்கள் நாயைப் பார்த்துத் தயங்கி நிற்கும்போது உள்ளேயிருந்து குரல் கொடுப்பீர்கள்: “கடிக்காது, வாங்க.” பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டியது வேறு. வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? எப்போது போட்டது? அதற்குக் கையில் சான்று இருக்கிறதா? மாதச் சம்பளத்துக்கு வருகிறவர் முதலாளியம்மாவிடம் இதையெல்லாம் கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நாய் வளர்ப்பதில்லை. அதற்காக நாய் வளர்ப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வயதான பெற்றோருக்கு வீட்டில் துணையாக இருப்பது பல இடங்களில் ஒரு நாய்தான் என்பதைப் பார்த்திருக்கிறேன். நாய் வளர்க்கிறார்கள் என்பதற்காகவே வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறவர்களையும், லிஃப்டில் ஏறக்கூடாது என்று அடுக்குமாடிச் சங்கத்தார் மிரட்டும் குடும்பங்களையும் அறிவேன். அந்தச் சண்டையில் நியாயம் உங்கள் பக்கம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டி, ‘எங்களைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை’ என்று நீங்கள் வாதாடுவது சரிதான். ஆனால் அதே வழிகாட்டுதலில், வளர்க்கும் பிராணிக்கு முறையாகத் தடுப்பூசி போட்டு ஆரோக்கியமாக வைத்திருப்பது வளர்ப்பவரின் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதல் பாதியை மட்டும் அனுப்பிவிட்டு இரண்டாம் பாதியை மடித்து வைத்துக்கொள்வது நியாயமா?

அதே வாட்ஸ்அப் குழுவைப் பற்றி இன்னொரு மனக்குறையும் உண்டு. தெருநாய் யாரையாவது துரத்தும் காணொலி வந்தால் உடனே கொதிக்கிறீர்கள். மாநகராட்சி என்ன செய்கிறது என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கின்படி சென்னைத் தெருக்களில் சுமார் 1.8 லட்சம் நாய்கள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அவற்றுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி போடும் வேலையைத் தொடங்கினார்கள். வலைவீசிப் பிடித்து, ஊசி போட்டு, போட்டதற்கு அடையாளமாக உடம்பில் வர்ணம் தீட்டி அதே தெருவில் விட்டார்கள். குறைகள் இருக்கலாம். ஆனாலும் உங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்கு ஊசி போட்டதற்கு ஓர் அடையாளமாவது இருந்தது. கேட்டுக்கு உள்ளே சோபாவில் படுத்திருக்கும் உங்கள் நாய்க்கு என்ன அடையாளம்? உங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான். அதை நம்பித்தான் வெளியாட்கள் உள்ளே வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் நாய்க்கடிக்குச் சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர். வெறிநோயால், அதாவது ரேபிஸால், இறந்தவர்கள் 43 பேர். 4.8 லட்சத்தில் 43 என்பது பெரிய எண்ணா என்று சிலர் கேட்கக்கூடும். தடுக்க முடியாத நோயாக இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு பொருள் இருக்கும். இது முற்றிலும் தடுக்கக்கூடிய நோய். லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிய நாளிலிருந்து இதற்கு வழி இருக்கிறது. நம் பக்கத்திலும் அந்த வழி நேற்று வந்ததல்ல. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் நாய்க்கடியால் குன்னூரில் இறந்தார். அன்று தென்னிந்தியாவில் இதற்குச் சிகிச்சை தர ஓர் இடம்கூட இல்லை. அந்தச் சாவு எழுப்பிய அதிர்ச்சியும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் இந்தியாவுக்கு அளித்த நன்கொடையும் சேர்ந்து 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் பிறந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருந்தை நம் மலையிலேயே வைத்துக்கொண்டு 2024இல்கூட நாற்பது பேருக்கு மேல் பறிகொடுத்தோம் என்றால், குறை மருந்தில் இல்லை.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

“எங்க நாய் வெளியே போறதே இல்லைங்க” என்பது முதல் பதில். அப்படியா? காலையிலும் மாலையிலும் டிரைவரோ வாட்ச்மேனோ அதைத் தெருவுக்குக் கூட்டிப்போகவில்லையா? கேட்டின் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி, வெளியே நிற்கும் நாயோடு அது உறுமிச் சண்டை போட்டதில்லையா? அப்படி ஒரு நொடியில் உதட்டிலோ மூக்கிலோ ஒரு கீறல் விழுந்தால் போதும். ரோமத்துக்கு அடியில் பட்ட சிறு பல்தடம் உங்கள் கண்ணில் படவே படாது. வைரஸ் உடலுக்குள் போய்விட்டால் நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறும். அறிகுறி தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை அது உங்களுக்கு வழக்கமான செல்லம்தான். மழையில் நனைகிறதே என்று பிள்ளைகள் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டியும் இப்படித்தான். எங்கே பிறந்தது, எது கடித்தது என்று யாருக்குத் தெரியும்?

பூனை வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் தங்களைப் பற்றிய பேச்சு இல்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். மொட்டைமாடி வழியே இரவெல்லாம் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து கட்டிலில் படுக்கும் பூனைக்கும் ரேபிஸ் வரும். அதன் கடியும் கீறலும் நாயினுடையவற்றைப் போலவே கருதப்பட வேண்டியவை. பூனைக்கும் ஊசி உண்டு, போடுங்கள்.

“எல்லா ஊசியும் போட்டாச்சு” என்பது இரண்டாவது பதில். இதைச் சொல்பவர்களில் பலர் பொய் சொல்வதில்லை, குழம்பியிருக்கிறார்கள். குட்டி வாங்கியதும் ஏழு நோய்க்கு ஒரு ஊசி, ஒன்பது நோய்க்கு ஒரு ஊசி என்று போடுவார்கள். பார்வோ, டிஸ்டம்பர் போன்ற நோய்களிலிருந்து நாயைக் காப்பவை அவை. வெறிநோய்க்கான ஊசி பொதுவாகத் தனி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, சில வாரம் கழித்து இன்னொன்று, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பதுதான் நம் ஊர் மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். உங்கள் தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ‘ஆன்டி ரேபிஸ்’ என்ற இடத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், தேதி, கால்நடை மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இவ்வளவும் இருக்கிறதா? குட்டிப் பருவத்தில் போட்டதோடு நின்றுபோன புத்தகங்கள் எத்தனை வீட்டில் அலமாரியில் கிடக்கின்றன! நாய்க்கு ஆறு வயது ஆகியிருக்கும், புத்தகத்துக்கு ஒரு வயதுதான் ஆகியிருக்கும்.

வேறு சிலர் செலவு மிச்சம் என்று மருந்துக்கடையில் குப்பி வாங்கிவந்து வீட்டிலேயே குத்திவிடுகிறார்கள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அரைமணி நேரம் சுற்றி வந்த மருந்து வேலை செய்யுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படிப் போட்டதற்குச் சான்றும் கிடையாது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது. பணம் இல்லாததால் ஊசி போடவில்லை என்ற பேச்சுக்கு இந்த ஊரில் இடமில்லை.

“நோய் வந்தா தெரியாதா? வாயில நுரை தள்ளுமே” என்பது மூன்றாவது பதில். மூன்றிலும் ஆபத்தானது இதுதான். சினிமாவில் பார்த்த வெறிநாய் ஒன்றுதான் நமக்குத் தெரியும். கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் அந்த வகை இருக்கிறது. அதைவிட அமைதியான இன்னொரு வகையும் இருக்கிறது. நாய் சோர்ந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலோ இருட்டு மூலையிலோ போய்ப் படுக்கும். சாப்பிடாது. தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் தவிக்கும். பார்க்கிறவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்றே தோன்றும். பாசத்தில் வாயைத் திறந்து விரலை விட்டுத் தேடுவார். இந்தப் பக்கவாத வகை ரேபிஸ் வீட்டு மனிதர்களைத் தொட்டுவிடும் வழிகளில் இது முக்கியமானது. கடியே இல்லாமல், விரலில் இருக்கும் ஒரு சிறு வெட்டுக்காயத்தில் எச்சில் பட்டாலே போதும். போதாக்குறைக்கு, அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் வைரஸ் இருக்கக்கூடும்.

மனிதருக்கு இந்த நோய் முற்றினால் என்ன ஆகும் என்று நான் விரித்து எழுதப்போவதில்லை. தாகம் இருக்கும், தண்ணீர் டம்ளரைக் கண்டால் தொண்டை இழுக்கும், மின்விசிறிக் காற்று பட்டாலே உடல் துடிக்கும். பெரும்பாலான நேரம் நினைவு தெளிவாகவே இருக்கும். அறிகுறி தொடங்கிவிட்டால் உலகின் எந்த மருத்துவமனையிலும் இதற்கு உறுதியான சிகிச்சை இல்லை. பிழைத்தவர்கள் மிகமிகச் சிலர். உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்கள் வழியே வருவது. சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகள் குட்டையானவர்கள். கடி முகத்திலோ கழுத்திலோ விழும், மூளைக்கு அங்கிருந்து தூரம் குறைவு. திட்டு விழுமே என்று கீறலை மறைப்பவர்களும் அவர்கள்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் நாய் விளையாட்டாகப் பிராண்டியது உங்களுக்கே தெரியாமல் போகலாம். அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே காவல் உங்கள் புத்தகத்தில் இருக்கும் அந்தத் தேதிதான்.

இங்கே உங்களிடம் ஒரு கசப்பான விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை உங்கள் நாய் கடித்துவிட்டால் என்ன நடக்கிறது? “ஒண்ணும் இல்லம்மா, நம்ம வீட்டு நாய்தானே, மஞ்சள் வச்சுக்கோ” என்கிறீர்கள். சில வீடுகளில் சுண்ணாம்பு, சில வீடுகளில் காப்பித்தூள், சில வீடுகளில் மிளகாய்த்தூள். அந்தப் பெண்ணும் வேலை போய்விடுமே என்று தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகிறார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பாட்டி சொன்ன பயமும் அவர் மனத்தில் இருக்கும். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்று தோள்பட்டையில் தோலுக்குள் போடும் சிறு ஊசிதான். கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள் என்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தாலோ ரத்தம் வந்திருந்தாலோ காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும்.

கடித்த உடனே செய்ய வேண்டியது எந்த வீட்டிலும் முடியும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கட்டுப்போடக் கூடாது, எதையும் அப்பக் கூடாது. பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. உங்கள் நாய்க்கு முறையாக ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஊசி தேவையா இல்லையா என்பதை முடிவு செய்வது மருத்துவர், நாயின் உரிமையாளர் அல்ல. அங்கே மருத்துவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, நாய் கட்டிப்போட்டுக் கண்காணிக்கக்கூடியதா என்பது. கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பார்கள். அது நலமாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் நோய் இல்லை என்று பொருள். மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் அதை வைத்து முடிவெடுப்பார். இதனால்தான், கடித்துவிட்டதே என்ற ஆத்திரத்தில் நாயை வண்டியில் ஏற்றி எங்கோ விட்டுவிட்டு வருவது இரட்டைக் குற்றம். நாயையும் தெருவில் தள்ளுகிறீர்கள், கடிபட்டவரின் பத்து நாள் நிம்மதிக்கான வழியையும் அடைக்கிறீர்கள்.

நான்கு முறை ஊசி என்றால் அந்தப் பெண்ணுக்கு நான்கு அரைநாள் கூலி. சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். கூட்டிப்போக ஆள் அனுப்புங்கள், அல்லது ஆட்டோவுக்குப் பணம் கொடுங்கள். உங்கள் நாய் கடித்த கடிக்கு அவர் தன் கைக்காசைச் செலவழிக்கிறார் என்றால் அது உங்களுக்குத்தான் அவமானம். சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. தான் வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஆனால் வேலைக்கு வரும் ஒரு பெண் காவல் நிலையத்துக்குப் போகப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்து, நாய்க்கு மாநகராட்சியிடம் எடுக்க வேண்டிய உரிமம். இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறீர்கள். “நாய்க்கும் வரியா?” என்கிறீர்கள். ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டணம். உங்கள் நாயின் ஒருநாள் தீனிச் செலவுகூட அதில் அடங்காது. இந்த விதி புதிதாக முளைத்ததும் இல்லை. எழுத்தில் இருந்தது, நாம்தான் கண்டுகொள்ளவில்லை. 2024 மே மாதம் ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஓர் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோதுதான் ஊரே விழித்துக்கொண்டது. அது ரேபிஸ் பிரச்சினை இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டு நாய் யாருடையது, எங்கே இருக்கிறது, ஊசி போட்டதா, பொறுப்பு யார் என்ற கேள்விகளுக்கு இந்த நகரத்திடம் பதில் இல்லை என்பதை அது எல்லோருக்கும் காட்டியது. அதன் தொடர்ச்சியாக, 2025 இறுதியில் உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. நவம்பர் 23 என்று சொன்ன கெடு தள்ளிப்போய் டிசம்பர் 14 வரை நீண்டது.

கெடு நீண்டதற்கு உங்கள் தரப்பில் நியாயமான காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. மையங்கள் குறைவு, வரிசை நீளம், வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுத்து நாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாநகராட்சி இன்னும் நிறைய இடங்களில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகாம் நடத்தியிருக்க வேண்டும், நடத்த வேண்டும். அதைக் கேளுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கெடுவும் அபராதமும் வந்த பிறகு வாசலில் கூடிய கூட்டம், அவை வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே இருந்தது? அப்போதும் ஊசி தேவையாகத்தானே இருந்தது?

மைக்ரோசிப் என்றதும் சிலருக்குச் சந்தேகம். நாயை வைத்து நம்மை வேவு பார்ப்பார்களா என்று கேட்டவர்கள் உண்டு. அது அரிசி மணி அளவு இருக்கும் ஒரு பொருள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் வைக்கிறார்கள். அதற்கு பேட்டரி இல்லை, எதையும் தானாக அனுப்பாது. படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து உரிமையாளர் யார், தடுப்பூசி எப்போது போட்டது என்று பதிவேட்டில் பார்க்கலாம். தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போன நாய் மூன்று தெரு தள்ளி யாரிடமாவது சிக்கினால், அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கப்போவதும் அந்த எண்தான். நாயைக் கைவிட நினைப்பவர்களுக்கு மட்டும்தான் அது தொந்தரவு. வயதானதும், நோய்ப்பட்டதும், வீடு மாறும்போதும் இனநாய்களைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் உங்களில் சிலர்தான், ஆனாலும் உங்களில் சிலர். தெருநாய்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உரிமத்தின் முக்கியமான பயன் வேறு. செல்லுபடியாகும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் ஆண்டுதோறும் ஊசி போட்டாக வேண்டும். பைக் வைத்திருப்பவர் இன்சூரன்ஸ் தேதியை மறக்காமலிருப்பதற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமா? யாராவது கேட்பார்கள் என்ற நினைப்பும்தானே. அந்த நினைப்பு நாய் விஷயத்திலும் வரட்டும் என்பதுதான் உரிமம். ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது மருத்துவ அறிவியல். ஆனால் 70 விழுக்காடு என்று கணக்கிட, மொத்தம் எத்தனை என்று தெரிய வேண்டும். தெருநாயை எண்ணியாயிற்று. எண்ணிக்கையில் வராமல் ஒளிந்திருப்பது உங்கள் வீட்டு நாய். நாய்கள் வழியே பரவும் ரேபிஸை 2030க்குள் ஒழிப்பது என்று இந்திய அரசு 2021இல் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. 2030 நெருங்கிக்கொண்டே இருக்கிறது. தெருநாயைப் பிடிக்க வலையும் வண்டியும் ஆளும் வேண்டும். உங்கள் நாயோ கூப்பிட்டால் வரும். வேலையின் சுலபமான பாதியை நாம் முடிக்காமல், கடினமான பாதிக்கு அரசைக் குறை சொல்வதில் வலு இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

வீட்டில் இருக்கும் தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். வெறிநோய் ஊசி போட்டு ஓராண்டு கடந்திருந்தால் இந்த வாரமே போடுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும், பூனை இருந்தால் அதற்கும். புத்தகமே இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

நாய்க்கு உரிமம் எடுங்கள், சிப் பொருத்துங்கள், ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது கயிறு கையில் இருக்கட்டும். கடிக்கும் குணமுள்ள நாயென்றால் வாய்மூடியும் போடுங்கள். கூட்டிப்போவது டிரைவராக இருந்தால் அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும், கேட்கும் முன்பே, ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். வேலை செய்யும் அக்காவிடம், “என்ன கீறினாலும் மறைக்காதீங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

உங்களில் அடுக்குமாடிச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. நாய்க்குத் தடை போடுவதற்குக் கூட்டம் கூட்டுகிறீர்களே, ஊசிக்காக ஒருநாள் கூட்டுங்கள். செப்டம்பர் 28, பாஸ்டர் மறைந்த நாள், உலக ரேபிஸ் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அன்றோ அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமையோ ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து உங்கள் வளாகத்து நாய், பூனை எல்லாவற்றுக்கும், வாசலில் நீங்கள் சோறு போடும் தெருநாய்க்கும் சேர்த்து ஊசி போடுங்கள். உங்கள் வளாகத்தில் எத்தனை நாய்கள், எத்தனைக்கு ஊசி என்ற கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் பார்க்கிற அதே கண்ணால் அதையும் பார்க்கலாம்.

பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு ஊசி, 50 ரூபாய், ஒரு விண்ணப்பம். இவ்வளவையும் செய்த வீட்டார் “கடிக்காது, வாங்க” என்று கூப்பிட்டால் நாங்கள் நம்பி உள்ளே வருவோம். செய்யாத வீட்டாருக்கு அப்படிக் கூப்பிட உரிமை இல்லை. இந்தக் கடிதத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுங்கள், தேதியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்காத உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்